பூசையில் வைத்த தகடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. சின்ன வயதில் சுடலைக்குள்ளால் குறுக்கு வழி விழுந்து பள்ளிக்கூடம் போனவன் நான். கோயில் வாசலில் யாராவது ஆவி கண்டேன், குறி கேட்டேன் என்று கதைக்கத் தொடங்கினால் செருப்பைத் தேடுகிற சாட்டில் மெல்ல நழுவிவிடுவேன். நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்களும் செருப்பைத் தேடக்கூடும், தேடுங்கள், கோபிக்கமாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில், என் வீட்டு வாசலில்.

எண்பதுகளின் கடைசி அது. ஒக்லாந்தின் தென்கோடியில், பாபகூராவில் வாடகை வீடு, நான், மனைவி யோகம், அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த மகள். எனக்கு வேலை இன்னும் தெற்கே, காரில் போகவேண்டிய ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில். பெயர் வேண்டாம், அதில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் பம்ப், மோட்டார் திருத்திய அனுபவத்தை வைத்துக் கிடைத்த வேலை. யாராவது என்ன வேலை என்று கேட்டால் நான் எஞ்சினியரிங் என்று பட்டும் படாமலும் சொல்வேன், யோகம்தான் "நிலத்துக்குள்ள போறவர்" என்று உள்ளதைப் போட்டு உடைத்துவிடுவாள்.

நிலத்துக்குள் என்றதும் கிணறு மாதிரி நேரே இறங்குவது என்று நினைக்கவேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு வாய், அதிலிருந்து சரிவாக ஒரு பாதை, அந்தப் பாதையில் வண்டியில் கீழே கீழே போனால் கரிக்குள்ளேயே தெருக்கள். குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டே போவார்கள், இடையிடையே வீடு அளவுக்குக் கரியை வெட்டாமல் தூணாக விட்டுவைப்பார்கள், கூரையைத் தாங்குவது அந்தத் தூண்களும் கூரைக்குள் முறுக்கி ஏற்றிய இரும்பு போல்ட்டுகளும்தான். முன்னால் இயந்திரம் கரியைச் சுரண்டும், பெல்ட் அதை மேலே கொண்டுபோகும், பெரிய காற்றாடி காற்றை உள்ளே இழுக்கும், ஊறி வருகிற தண்ணீரை நாங்கள் பம்ப் வைத்து வெளியே தள்ளுவோம். பம்ப் நின்றால் புதுத் தெரு வெட்டுகிறவனுக்கு முழங்கால் அளவு தண்ணீர்.

அந்தப் பக்கத்துக் கரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உதிர்ந்து குவிந்து கிடக்கிற கரியில் காற்றுப் பட்டால், நெருப்புக்குச்சி இல்லாமலே தானாகச் சூடேறிப் புகையத் தொடங்கிவிடும். முதலில் ஒரு வாடை, ஈரச் சாக்கைச் சுட்டது போல. அதோடு சேர்ந்து கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நஞ்சுக் காற்று. வாடை வந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, எல்லோரும் மேலே. பிறகு அந்தப் பகுதிக்குப் போகிற வழிகளைச் சுவர் எழுப்பி அடைத்து, காற்றில்லாமல் நெருப்பைச் சாக விடுவார்கள்.

இனித்தான் தகடு. எங்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் வெட்டிய ஒரு பித்தளைத் தகடு உண்டு, இரண்டு விரல் அகலம் இருக்கும். இறங்கமுன் சுரங்க வாசலில் உள்ள பலகையில் அதைக் கொளுவவேண்டும், ஏறி வந்ததும் கழற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பலகையில் தகடு தொங்கினால் ஆள் உள்ளே, இல்லையென்றால் ஆள் வெளியே. ஆபத்து என்று வந்தால் ஆளைத் தேடமாட்டார்கள், பலகையைத்தான் பார்ப்பார்கள்.

என்னோடு பம்ப் வேலை பார்த்தவன் முனியப்பன். ஃபிஜித் தமிழன், அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவன், ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் கிளம்பி வந்துவிட்டான். மனைவி லட்சுமியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கேயே. வேலை நிரந்தரமானால்தான் அவர்களுக்கு விசா, அதனால் காய்ச்சல் என்றாலும் லீவு எடுக்கமாட்டான். மனுரேவாவில் ஒரு அறையில் இருந்தான், காலையில் ரயிலில் பாபகூராவுக்கு வந்து என்னுடைய காரில் ஏறிக்கொள்வான். வேகமாகக் கதைத்தால் அவனுடைய தமிழில் பாதி எனக்கு விளங்காது, என்னுடையதில் பாதி அவனுக்கு விளங்காது, கடைசியில் இரண்டு பேரும் இங்கிலீஷில் போய் நிற்போம். அங்கே மாரியம்மன் கோயிலில் வருடா வருடம் தீ மிதித்தவன். கீழே புகை வாடை என்று யாராவது சொன்னால், "என் காலு நெருப்பப் பாத்த காலு அண்ணே" என்று சிரிப்பான். நல்ல சிரிப்பு, அதை என்னால் இப்போதும் காதில் கேட்கமுடிகிறது.

ஆயுத பூசைக்கு முதல் நாள் பின்னேரம், வேலை முடிந்து வரும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கினான். யோகம் சுவாமிப் படங்கள் இருக்கிற சுவாமித் தட்டுக்கு முன்னால் ஒரு வாங்குப் பலகை போட்டு, மகளின் புத்தகங்கள், என்னுடைய ஆயுதப் பெட்டி எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். முனி தன்னுடைய ஸ்பேனரைக் கொடுத்தான். பிறகு இடுப்பிலிருந்து தகட்டைக் கழற்றி, தண்ணீரில் கழுவித் துடைத்து, அதையும் கொடுத்தான்.

"இது என்னத்துக்கடா?" என்றேன்.

"எது சோறு போடுதோ அதத்தான் அண்ணே வைக்கணும். ஸ்பேனரா சோறு போடுது? இந்தத் தகடு பலகையில தொங்குனாத்தான் எனக்கு நாளு கணக்காகும். இது தொங்கித்தான் லட்சுமி வரணும், புள்ளைங்க வரணும்."

யோகத்துக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று. சந்தனம் குழைத்து அவன் பெயருக்கு மேலே பெரிய பொட்டாக வைத்தாள். "ஆனா ஒண்டு முனி, பூசையில வைச்சா வைச்சதுதான். நாளைக்கு முழுக்க இருக்கவேணும், நாளையிண்டைக்கு விடியப் பூசை முடிஞ்ச பிறகுதான் எடுக்கலாம். இடையில தொடப்படாது."

"தெரியும் அண்ணி, எங்க ஊர்லயும் அப்படித்தான்."

"அப்ப நாளைக்கு எதைக் கொளுவப் போறாய்?" என்று நான் கேட்டேன்.

அதையும் யோசித்துத்தான் வந்திருக்கிறான். "நீங்கதான் லீவாச்சே. உங்களோடது சும்மாதான கெடக்கும்?"

யோகம் பிடித்த பிடியில் நான் லீவு எடுத்திருந்தது உண்மைதான். சிரித்துக்கொண்டே என் தகட்டைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு தகடு தொங்கினால் ஒரு ஆள் உள்ளே, கணக்குச் சரிதானே என்று இரண்டு பேருமே நினைத்தோம். கார்த் திறப்பையும் கொடுத்து, காரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அடுத்த நாள் மழை. ஒக்லாந்து மழை உங்களுக்குத் தெரியும், பெய்கிறதா விட்டதா என்று அதற்கே தெரியாது. அன்றையப் பூசை முடிந்து, மத்தியானம் சாப்பிட்டு, நான் முன் அறையில் அவித்த கடலையைக் கொறித்துக்கொண்டு இருக்கிறேன். கதவில் தட்டு. திறந்தால் முனி.

வேலை உடுப்போடு நிற்கிறான், முழங்கால்வரை நனைந்த ரப்பர் கம்பூட்ஸ், முகமெல்லாம் கரி, தலையில் தொப்பி, தொப்பியில் விளக்கு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் என் சட்டையில் வட்டமாக விழுந்தது, நான் குனிந்து அதைப் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். அந்த விளக்கை யாரும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டு, குளித்து, உடுப்பு மாற்றித்தான் எவனும் சுரங்க வளவை விட்டு வெளியே வருவான். இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒருவன் நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள், தொட்டுப் பார்ப்பீர்களா?

"என்னடா, வேளைக்கு விட்டிட்டாங்களோ? குளிக்காமலே வந்திட்டாய்?"

"அண்ணே, என் தகட்டக் குடுங்க," என்றான். குரலில் பயம் இல்லை, அழுகை இல்லை. கடையில் சாமான் கேட்பதுபோலத்தான் கேட்டான், கொஞ்சம் களைப்பாக.

நான் உள்ளே திரும்பி, "இஞ்சரப்பா, முனி வந்திருக்கிறான், தகட்டைக் கேக்கிறான்," என்றேன். யோகம் குசினிக்குள் இருந்தபடியே சத்தமாகச் சொன்னாள், "இண்டைக்கு எடுக்கப்படாது எண்டு நேற்றே சொன்னனான் எல்லோ. நாளைக்கு விடிய வரச்சொல்லுங்கோ. நில்லச் சொல்லுங்கோ, கடலை கொண்டுவாறன்."

அவனுக்கும் கேட்டது. என்னை நேரே பார்க்காமல், எனக்குப் பின்னால் சுவாமித் தட்டு இருக்கிற பக்கம் பார்த்தான். பிறகு, "சரி அண்ணி, நாளைக்கு வாங்கிக்கிறேன்," என்றான். யோகம் அந்தக் குரலைக் கேட்டாள், அவளிடமே கேட்டுப் பாருங்கள். நான் குசினிப் பக்கம் போய் அவள் கையிலிருந்த கடலைக் கிண்ணத்தை வாங்கித் திரும்பினால் வாசலில் ஆள் இல்லை. மழைக்குக் காருக்குள் ஓடிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

அரைமணி நேரம் போயிருக்காது, ரெலிபோன் அடித்தது. எங்கள் மேற்பார்வையாளர் கெவின். நல்ல மனுஷன், ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார், அன்றைக்கு மூச்சு வாங்கக் கதைத்தார்.

"நேசன், நீ எங்கே நிற்கிறாய்?"

"வீட்டில். நீங்கள் வீட்டுக்குத்தானே எடுத்திருக்கிறீர்கள்?"

கீழே, புதுத் தெரு வெட்டுகிற பகுதியில் வாடை வந்துவிட்டது, நஞ்சுக் காற்று ஏறுகிறது, எல்லோரையும் மேலே எடுத்தாயிற்று, அந்தப் பகுதியை அடைக்கப் போகிறோம், ஆனால் பலகையில் ஒரு தகடு இன்னும் தொங்குகிறது, அது உன்னுடையது, நீ லீவில் இருக்கும்போது அது எப்படி வந்தது என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முனிதான் அதைக் கொண்டுவந்தான் என்று விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படியென்றால் முனி எங்கே?"

நான் என்ன சொல்வேன், நீங்களே சொல்லுங்கள். அரைமணிக்கு முன்னால் கண்ணால் கண்டவன், கதைத்தவன். "அவன் வெளியே வந்துவிட்டான் கெவின், சற்று முன்னர் என் வீட்டு வாசலில் நின்றான், தகட்டைக் கழற்ற மறந்திருப்பான்," என்றேன்.

"உறுதியாகத் தெரியுமா?"

"என் கண்ணால் கண்டேன்."

அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "கடவுளுக்கு நன்றி, நாளைக்கு உங்கள் இரண்டு பேருக்கும் இருக்கிறது," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் மகளைக் கூட்டிவர வெளிக்கிட்டேன். முற்றத்தில் கார் இல்லை, தெருவிலும் இல்லை. தெருமுனை டெய்ரிக் கடைக்கு ஏதும் வாங்கப் போயிருப்பான் என்று நினைத்துக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனேன். திரும்பி வந்தேன், அப்போதும் கார் இல்லை. அப்போதுதான் அந்த விளக்கு நினைவுக்கு வந்தது. காலில் இருந்து ஒரு குளிர் ஏறியது என்று கதைகளில் எழுதுவார்கள், எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ரெலிபோனை எடுத்துக் கெவினைக் கேட்டேன், என் கார், அந்தப் பச்சைக் கார், வளவில் நிற்கிறதா என்று ஜன்னலால் ஒருமுறை பாருங்கள்.

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ரெலிபோனைத் திரும்ப எடுத்தது தெரிந்தது.

"கெவின், கார் நிற்கிறதா?"

"நிற்கிறது," என்றார். "சுவர் முடிந்துவிட்டது, நேசன்."

பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தன் காரில் சுரங்கத்துக்குக் கொண்டுபோய் விட்டார். அங்கே நான் கத்தியதும் கும்பிட்டதும் இருக்கட்டும். சுவரை உடைத்தால் காற்று உள்ளே போகும், காற்றுப் போனால் முழுச் சுரங்கமும் வெடிக்கும், உடைக்கப் போகிறவர்களும் திரும்பி வரமாட்டார்கள். அவர்கள் சொன்னது சரி, எனக்கும் அந்தத் தொழில் தெரியும். சரியானதைச் சொல்கிறவர்களோடு சண்டைபிடிப்பதுபோல ஒரு கொடுமை கிடையாது. பலகையில் என் தகடு தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் அதைத் தொடவில்லை, நானும் தொடவில்லை.

அடுத்த நாள் காலை வீட்டுக்கு வந்தேன். யோகம் அழுது முகம் வீங்கி இருந்தாள், ஆனாலும் குளித்து, பூசையை முடித்துவிட்டுத்தான் இருந்தாள். நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் சொன்னான் அல்லவா, அதற்காக. என்னைக் கண்டதும், "இப்ப எடுக்கலாம், எடுத்துக் குடுங்கோ," என்றாள். யாருக்குக் கொடுக்க?

சுவாமித் தட்டுக்கு முன்னால் போனேன். இனிச் சொல்லப்போவது, சுரங்கத்துக்குப் போய் வந்த என் கையில் ஒட்டியிருந்த கரியாக இருக்கும் என்றுதானே சொல்லப் போகிறீர்கள், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிந்தேன். முனியின் தகட்டில், சந்தனப் பொட்டின் நடுவில், ஒரு பெருவிரல் அடையாளம். கறுப்பு. சந்தனம் அந்த இடத்தில் மட்டும் காயாமல் ஈரமாக இருந்தது. யோகம் தொடவில்லை என்று மகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். எடுக்கவேண்டாம் என்று சொன்னபடியால் எடுக்காமல், தன்னுடையதுதானா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

லட்சுமி பிள்ளைகளோடு வந்தாள். உயிரோடு இருந்தவனுக்கு இழுத்தடித்த விசா, செத்தவனுக்கு உடனே கிடைத்தது. எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். நாலைந்து மாதம் கழித்து, இங்கத்தைக் கோடை முடிகிற நேரத்தில்தான் சுவரை உடைத்து உள்ளே போனார்கள், போன ஆட்களில் கெவினும் ஒருவர், அவரே வந்து சொன்னார். முனி வேலை பார்த்த பம்ப் வெகு தூரத்தில், அடிப் பள்ளத்தில். அவன் கிடந்தது அங்கே இல்லை. சுவர் எழுப்பியபோது யாரும் இல்லாத இடத்தில், சுவருக்கு உள்பக்கம், அதை ஒட்டி, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து இருந்தானாம், யாருக்கோ காத்திருக்கிறவன்போல. "அந்தக் காற்று நித்திரை மாதிரி, நேசன், அவன் மத்தியானத்துக்கு முன்னரே போயிருப்பான், உன் வீட்டுக்கு நான் ரெலிபோன் எடுத்தபோது எல்லாம் முடிந்திருக்கும்," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

லட்சுமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தகட்டை நீட்டினேன். ஏசுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவள் வாங்கவில்லை. "அவரு உங்ககிட்டதான கேட்டாரு அண்ணே. நீங்களே வச்சிருங்க. திரும்ப வந்து கேட்டாருன்னா குடுத்துருங்க."

இப்போது நாங்கள் பிளாட் புஷ்ஷில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மகள் கலியாணம் முடித்துப் போய்விட்டாள், யோகம் இப்போதும் ஆயுத பூசைக்கு எல்லாம் அடுக்குவாள், அந்தத் தகட்டை மட்டும் வைப்பதில்லை. அன்றைக்கு முழுக்க அதை நான் கையில் வைத்துக்கொண்டு, முன் கதவைத் திறந்துவிட்டு, வாசலுக்கு நேரே கதிரையைப் போட்டு இருப்பேன். மழை அடித்தாலும் சாத்துவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ எங்கள் சமயத்து வழக்கம் என்று நினைக்கிறார்கள். இத்தனை வருடத்தில் யாரும் வந்து கேட்கவில்லை.

அவனுடைய ஆவி வந்தது என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும், மத்தியானத்துக்கு முன்னரே போய்விட்டான் என்று கெவின் சொன்ன கணக்கும் சரியாகிவிடும், எனக்கும் நித்திரை வரும். ஆனால் கதிரையில் இருக்கும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு கேள்வி வந்து நிற்கிறது, அதற்கு இன்னும் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. செத்துப்போன மனிதனுக்குத் தகடு என்னத்துக்கு? உள்ளே உயிரோடு இருப்பவனுக்குத்தானே அது வேண்டும்.